ருவாண்டாவில் மலைச் சைக்கிள்: தூரத்தை விடுங்கள், ஏற்றத்தைக் கூட்டுங்கள்

தலைநகர் கிகாலிக்குச் சைக்கிளோடு வரப்போகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணே, ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் போகலாம்?" என்பதுதான். நான் இங்கே கணக்கு எழுதிப் பிழைப்பவன். எண் கேட்டால் ஆசையாகச் சொல்வேன். ஆனால் ருவாண்டாவில் அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. எத்தனை மீட்டர் ஏற வேண்டும் என்று கேளுங்கள், பேசலாம்.

2025 செப்டம்பரில் உலக சாலை சைக்கிள் சாம்பியன்ஷிப் கிகாலியில் நடந்தது. ஆப்பிரிக்காவில் அதுதான் முதல் முறை. ஆண்கள் பந்தயம் 267.5 கிலோமீட்டர், மொத்த ஏற்றம் 5,475 மீட்டர். ஸ்லோவேனியாக்காரர் ததேய் பொகாச்சர் ஜெயித்தார். கோட்டைத் தாண்டியவர்கள் 30 பேர்தான், மற்றவர்கள் வழியிலேயே இறங்கிவிட்டார்கள். வகுத்துப் பார்த்தால் கிலோமீட்டருக்கு 20 மீட்டர் ஏற்றம். நாட்டின் மேற்கு எல்லையில் இருக்கும் கிவு ஏரிக்கரை மண் பாதையில் சாமான் மூட்டையோடு நீங்கள் ஏறப்போவது கிலோமீட்டருக்குச் சுமார் 25 மீட்டர். அவர்கள் தார் ரோட்டில், ஏழு கிலோ சைக்கிளில் போனார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான் நாள் திட்டம் போடுவது இப்படி: மண் பாதையில் ஒவ்வொரு 10 கிலோமீட்டருக்கும் 45 நிமிடம். அதற்கு மேல் ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் 10 நிமிடம். 50 கிலோமீட்டர், 1,300 மீட்டர் ஏற்றம் என்றால் கிட்டத்தட்ட ஆறு மணி நேரம் மிதிக்க வேண்டும். டீ, சாப்பாடு, பஞ்சர், போட்டோ, பேச்சு எல்லாம் சேர்த்து எட்டு மணி நேரம். ருவாண்டா நிலநடுக்கோட்டுக்கு இரண்டு பாகை தெற்கே இருக்கிறது. வருடம் முழுக்க காலை ஆறு மணி வாக்கில் விடியும், மாலை ஆறு மணி வாக்கில் சட்டென்று இருட்டிவிடும். ஆறுக்குக் கிளம்பினால் இரண்டு மணிக்குச் சேர்ந்துவிடலாம், பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் வரும் மழைக்கும் தப்பலாம். பத்து மணிக்குக் கிளம்புகிறவர்கள் கடைசி ஏற்றத்தை இருட்டில் ஏறுவார்கள். இருட்டில் ஓட்டவே கூடாது. விளக்கில்லாத சைக்கிள்கள், நடந்து போகிறவர்கள், ஆடுகள் எல்லாம் அதே ரோட்டில்தான் இருக்கும்.

வரைபடச் செயலி காட்டும் ஏற்றத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். செங்குத்தான சரிவை ஒட்டி வளைந்து போகும் பாதையில், கோடு ஒரு விரல் நகர்ந்தாலே செயலி சரிவில் ஏறி இறங்கியதாகக் கூட்டிவிடும். சில நூறு மீட்டர் முன்பின் இருக்கும் என்று எடுத்துக்கொண்டு, இருட்டுவதற்குள் சேர இடம் வைத்துத் திட்டமிடுங்கள்.

எப்போது வருவது? ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காய்ந்த காலம். அல்லது டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. மார்ச் முதல் மே வரை பெருமழை, அந்த மாதங்களில் மண் பாதைப் பக்கம் போகாதீர்கள். அக்டோபர், நவம்பரில் சின்ன மழைக்காலம். வர முடியாது என்றில்லை, ஆனால் சேற்றைப் பற்றிக் கீழே சொல்லியிருப்பதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சைக்கிள்

முதலில் கியர். இங்கே உங்களைக் காப்பாற்றுவதும் கவிழ்ப்பதும் இதுதான். 12 விழுக்காடு ஏற்றம் இந்தப் பாதைகளில் சர்வ சாதாரணம். முன்னால் 38 பல், பின்னால் பெரிய பல்சக்கரம் 42 பல் கொண்ட கிராவல் சைக்கிளை (சரளைப் பாதைக்கானது) எடுத்து வருகிறீர்கள் என்று வையுங்கள். நிமிடத்துக்கு 60 முறை மிதித்தால் வேகம் மணிக்கு 7 கிலோமீட்டர். 12 விழுக்காட்டில் அது மணிக்கு 850 மீட்டர் உயரம் ஏறுவதற்குச் சமம். உங்கள் எடை, சைக்கிள், மூட்டை எல்லாம் சேர்த்து 95 கிலோ என்றால் புவியீர்ப்பை வெல்ல மட்டுமே 220 வாட் வேண்டும். அதை ஒரு மணி நேரம் கொடுக்க முடிந்தவர் இந்தக் கட்டுரையைப் படிக்கத் தேவையில்லை. அதே ஏற்றத்தில் முன்னால் 30, பின்னால் 51 பல் உள்ள மலைச் சைக்கிள் மணிக்கு 5 கிலோமீட்டரில் நகரும், 155 வாட் போதும். நடக்கிற வேகம்தான், ஆனால் மறுநாளும் முழங்கால் இருக்கும். கடையில் விற்கும் சைக்கிள்களில் பெரும்பாலும் முன்னால் 32 இருக்கும். மூட்டையோடு வருவதானால் 30 அல்லது 28 மாற்றிக்கொண்டு வாருங்கள். மிகச் சின்னச் செலவு.

டயர் 2.2 அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும், முடிந்தால் டியூப்லெஸ். முன்பக்க சஸ்பென்ஷன் போதும். பின்பக்கமும் வேண்டும் என்பது ஆசை, அவசியம் இல்லை. கல் பதித்த கிராமச் சாலைகளில் சில இடங்களில் எலும்பு எண்ணிவிடும், அவ்வளவுதான்.

ஏறுவதைப் பற்றியே எல்லோரும் கவலைப்படுகிறார்கள். நான் பயப்படுவது இறக்கத்துக்கு. ஒரே மூச்சில் ஐநூறு அறுநூறு மீட்டர் இறங்கும்போது பிரேக் பேட் தேய்வது கண்ணுக்கே தெரியும். ரெசின் பேட் மழைச் சேற்றில் வேகமாகக் கரைந்துவிடும், உலோகப் பேட் போடுங்கள், இரண்டு ஜோடி கையிலும் வைத்துக்கொள்ளுங்கள். பிரேக்கை விடாமல் லேசாக அழுத்திக்கொண்டே வராதீர்கள். டிஸ்க் கொதித்துப் போய், கடைசியில் லீவர் கைப்பிடிவரை வந்துவிடும். வேகம் கூடட்டும், பிறகு இரண்டு பிரேக்கையும் அழுத்தமாகப் பிடியுங்கள், விடுங்கள், மறுபடி பிடியுங்கள். சூடான டிஸ்க்கில் தண்ணீர் ஊற்றுவது வேண்டவே வேண்டாம், வளைந்துவிடும். வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாது: தலையில் சுமையோடு வரும் பெண்கள், பள்ளிப் பிள்ளைகள், இரண்டு மூட்டை உருளைக்கிழங்கோடு கிட்டத்தட்ட பிரேக்கே இல்லாமல் இறங்கும் சைக்கிள். பின் டயரில் செருப்புக் காலை வைத்து வேகத்தைக் குறைக்கிறார்கள். அவர்களுக்கு வழி விடுங்கள். உங்களால் நிற்க முடியும், அவர்களால் முடியாது. இன்னொன்று, ருவாண்டாவில் வண்டிகள் வலது பக்கம் ஓடும். இடது பக்கப் பழக்கம் உள்ளவர்களுக்கு ஆளில்லாத ரோட்டில்தான் தவறும், கூட்டத்தில் தவறாது.

ஊர் சைக்கிள்களுக்கான உதிரிப் பாகங்கள் எந்தச் சந்தையிலும் கிடைக்கும். ஆனால் எல்லாம் கியர் இல்லாத இரும்பு வண்டிக்கானவை. 29 அங்குல டியூப், 12 வேகச் செயின், டிஸ்க் பேட் இதெல்லாம் கிகாலிக்கு வெளியே கிடைக்கும் என்று நம்பி வராதீர்கள். டியூப் இரண்டு, செயின் இணைப்பு, ஸ்போக், கியர் கேபிள், பின் டெரெய்லரை (கியர் மாற்றச் செயினை நகர்த்தும் கருவி) பிடிக்கும் ஹேங்கர் ஒன்று, இவை கட்டாயம். ஊர் மெக்கானிக்குகளின் கையைக் குறைத்து எடை போடாதீர்கள். வளைந்த சக்கரத்தைக் கண்ணாலேயே நேராக்குவார்கள். ஹைட்ராலிக் பிரேக்கை மட்டும் அவர்களிடம் கொடுக்காமல் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

உதிரிகளைப் பாலித்தீன் பைகளில் கட்டி எடுத்து வராதீர்கள். 2008 முதல் இந்த நாட்டில் பிளாஸ்டிக் பைக்குத் தடை. விமான நிலையத்திலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள், நட்டும் போல்ட்டும் கையில் தங்கும். துணிப்பை போதும். சைக்கிளைச் சுற்றுவதற்கும் அட்டையும் பழந்துணியும்தான்.

சேறு

சிவப்பு மண் காய்ந்திருக்கும்போது அருமையான பாதை. மழை பெய்த அரை மணி நேரத்தில் அது பசை. டயருக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே அப்பி, சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும். அப்போது பலம் காட்டி மிதித்தால் செயின் டெரெய்லரை இழுத்து ஹேங்கரை உடைக்கும். ஆகவே முதல் சத்தத்திலேயே இறங்கிவிடுங்கள். குச்சியால் சுரண்டி, புல் இருக்கும் ஓரத்தில் தள்ளிக்கொண்டு, அடுத்த டீக்கடைக்குப் போய்ச் சேருங்கள். வெயில் அடித்தால் ஒன்றிரண்டு மணி நேரத்தில் பாதை இறுகிவிடும். இந்தக் காத்திருப்புக்கும் சேர்த்துத்தான் ஆறு மணிக்குக் கிளம்பச் சொன்னேன்.

ஓடைகளின் மேல் மரக்கட்டைப் பாலங்கள் வரும். கட்டைகள் போகும் திசையிலேயே நீளமாகப் போட்டிருந்தால், நடுவில் இருக்கும் இடைவெளி சக்கரம் விழச் சரியான அகலம். இறங்கித் தள்ளுங்கள். மழையில் அந்தக் கட்டைகள் சோப்பு.

எங்கே ஓட்டுவது

வந்து இறங்கியதும் கிவுவுக்கு ஓட வேண்டாம். கிகாலியே 1,500 மீட்டர் உயரத்துக்கு மேல் இருக்கிறது. மூச்சு பழக இரண்டு நாள் கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமையில் வந்தால், மாதத்தில் இரண்டு ஞாயிறு காலையில் கிகாலியின் சில முக்கியச் சாலைகளைக் காருக்கு மூடிவிடுகிறார்கள். ஊரே ஓடிக்கொண்டும் சைக்கிளோடும் வெளியே இருக்கும். அப்புறம் வடக்கே முசான்சே ஊருக்கு ஒரு வண்டி பிடியுங்கள். அங்கே புரேரா, ருஹோண்டோ என்று இரட்டை ஏரிகள். ஒன்று மற்றதைவிடச் சுமார் நூறு மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அந்த வீழ்ச்சியில்தான் இன்டாருகா நீர்மின் நிலையம் ஓடுகிறது. ஏரிகளைச் சுற்றிப் போகும் மண் பாதையில் பின்னணியில் முஹாபுரா எரிமலை 4,127 மீட்டருக்கு நிற்கும். கியர், பிரேக், மூட்டைக் கட்டு எல்லாவற்றையும் சோதிக்க இதைவிட நல்ல இடம் இல்லை. ஏதாவது ஆடுகிறதா, உரசுகிறதா என்று இங்கேயே தெரிந்துவிடும்.

பிறகு பெரிய பாதை: காங்கோ நைல் டிரெயில். வடக்கே ருபாவுவிலிருந்து தெற்கே ருசிசி வரை, கிவு ஏரியை ஒட்டி 227 கிலோமீட்டர். பழைய பெயர்களில் கேட்டால் கிசெனியிலிருந்து சியாங்குகு வரை. ஊர்க்காரர்கள் இரண்டு பெயரையும் கலந்தே சொல்வார்கள், குழம்பாதீர்கள். ஏரி 1,460 மீட்டரில் இருக்கிறது. பாதை அதை விட்டு மேலே ஏறும், கரைக்கு இறங்கும், மறுபடி ஏறும். மேற்கே பெய்யும் மழை காங்கோவுக்கும் கிழக்கே பெய்வது நைலுக்கும் போகிறது, பிரிக்கும் முகடு உங்கள் இடது பக்கம் உயரத்தில் இருக்கும்.

பலர் ஐந்து நாளில் முழுதாக முடிக்கிறார்கள். என்னைக் கேட்டால் ருபாவு முதல் கரோங்கி வரையிலான வடக்குப் பாதிதான் மலைச் சைக்கிளுக்கு உரியது. அதை இரண்டு நாளில் அடிக்கலாம், மூன்று நாள் எடுத்துக்கொண்டால் ஏரியில் குளிக்கவும் நேரம் இருக்கும். முதல் நாள் ருபாவு முதல் கினுனு வரை: மதுபான ஆலை, வெந்நீர் ஊற்று, அதன்பின் வாழைத்தோப்பும் காபித் தோட்டமும். கினுனுவில் காபிப் பழம் கழுவும் நிலையம் இருக்கிறது. மார்ச் முதல் ஜூன், ஜூலை வரை அறுவடை, அந்தக் காலக் கடைசியில் போனால் மேடைகளில் காபிக் கொட்டை காய்வதைப் பார்க்கலாம். இரண்டாம் நாள் முசாசா வழியாகக் கரோங்கி. அந்த நாள்தான் கால்களைக் கேள்வி கேட்கும். கரோங்கிக்குத் தெற்கே பழைய பாதை பல இடங்களில் புதிய தார் ரோட்டோடு கலந்துவிட்டது. தார் ரோடு அழகானதுதான், வளைவுக்கு வளைவு ஏரி தெரியும். ஆனால் மண் பாதைக்காக வந்தவருக்கு அது வேறு பயணம்.

கரோங்கியில் ஒரு நாள் தங்குங்கள். மாலையில் மூன்று படகுகளை நீண்ட கழிகளால் சேர்த்துக் கட்டி, பாட்டுப் பாடிக்கொண்டு மீனவர்கள் கிளம்புவார்கள். விளக்கு வெளிச்சத்தில் அவர்கள் பிடிப்பது சம்பாசா என்னும் பொடி மீன், தங்கனிக்கா ஏரியிலிருந்து 1950களின் கடைசியில் கொண்டுவந்து விட்டது. மொறுமொறுவென்று பொரித்துக் கொடுப்பார்கள். மேலே அகாபங்கா என்னும் மிளகாய் எண்ணெய், சொட்டு மருந்துபோலச் சின்னப் புட்டியில் வரும். நம் நாக்கு காரத்துக்குப் பழகியது என்று தைரியமாகப் பிழியாதீர்கள்.

கரோங்கிக்கு அருகே மலை மேலே பிசெசேரோ இருக்கிறது. 1994 இனப்படுகொலையின்போது கல்லும் கழியுமாக எதிர்த்து நின்றவர்களின் நினைவிடம். ஏற்றம் கடுமையானது, போகலாம். உடை மாற்றி, ஹெல்மெட் கழற்றி, அமைதியாகப் போங்கள். வழியில் சந்திக்கும் எவரிடமும் நீங்கள் எந்த இனம் என்று கேட்காதீர்கள்.

ருசிசியிலிருந்து கிழக்கே திரும்புகிறவர்களுக்கு நியுங்வே காடு. 2023 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் இருக்கும் மழைக்காடு. கிசாகுராவில் நுழைந்து கிடாபியில் வெளியேறும் வரை தார் ரோடுதான், 2,500 மீட்டர் வரை ஏறும். நடுவில் கடை இல்லை என்றே நினைத்துக்கொண்டு சாப்பாடு எடுத்துச் செல்லுங்கள். மழைக்கோட்டு மூட்டையின் மேல் பக்கம் இருக்கட்டும். உச்சியில் குளிரும், இறக்கத்தில் விரல் விறைக்கும். குரங்குகள் ரோட்டோரம் உட்கார்ந்திருக்கும். நின்று பார்க்கலாம், ஊட்ட வேண்டாம்.

எல்லைப் பக்கம் ஒரு விஷயம். ருபாவுவுக்கு எதிரே கோமா, ருசிசிக்கு எதிரே புகாவு. 2025 தொடக்கத்தில் இந்த இரண்டு காங்கோ நகரங்களையும் எம்23 கிளர்ச்சிப் படை பிடித்தது. பயணத்துக்கு முந்தைய வாரத்தில் உங்கள் நாட்டுத் தூதரகம் என்ன சொல்கிறது என்று பாருங்கள், ருபாவுவில் விடுதிக்காரரிடமும் கேளுங்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு நாள் போய் வரலாமே என்ற யோசனை வேண்டாம்.

ஆட்கள், சாப்பாடு, பணம்

ருவாண்டாவில் தனியாக இருக்க முடியாது. இது எச்சரிக்கை. பஞ்சர் ஒட்ட உட்கார்ந்தால் ஐந்து நிமிடத்தில் இருபது பேர் வட்டமாக நிற்பார்கள், மரத்தடியில் ஒதுங்கப் போனாலும் யாராவது வணக்கம் சொல்வார்கள். பிள்ளைகள் ஏற்றத்தில் கூடவே ஓடி வந்து பின்னாலிருந்து தள்ளுவார்கள். சமதளத்தில் அப்படித் தள்ளினால் சிரித்துக்கொண்டே நிறுத்திவிடுங்கள், யாராவது ஒரு குழந்தையின் விரல் ஸ்போக்கில் போய்விடும். காசு கேட்பார்கள். கொடுக்காதீர்கள், மிட்டாயும் வேண்டாம். அடுத்து வருகிறவருக்குக் கல்லடி விழ வைப்பது அந்த மிட்டாய்தான் என்பது என் கருத்து. "முராஹோ" என்று நீங்கள் முந்திக்கொண்டு சொன்னால் பாதிப் பேர் கேட்க நினைத்ததை மறந்து சிரித்துவிடுவார்கள். நன்றிக்கு "முராகோசே". விலை கேட்க "நி அங்காஹே?". இந்த மூன்றில் வண்டி ஓடும்.

சைக்கிள் டாக்சி ஓட்டுகிறவர்கள் உங்களோடு போட்டி போடுவார்கள். பின்னால் ஆள் உட்கார்ந்திருக்க, கியர் இல்லாமல், செருப்புக் காலோடு முந்திப் போவார்கள். விட்டுவிடுங்கள்.

காலையில் சப்பாத்தி, அவித்த முட்டை, இஞ்சி போட்ட பால் டீ. அதற்குப் பெயரே ஆப்பிரிக்கன் டீ. மதியம் பீன்ஸ், வாழைக்காய், அரிசி, மரவள்ளி இலையை இடித்துச் செய்யும் இசோம்பே. சைவர்கள் பட்டினி கிடக்க மாட்டார்கள். தண்ணீரை வடிகட்டியோ காய்ச்சியோ குடியுங்கள். கொசுவலையும் மலேரியா மாத்திரையும் மருத்துவரிடம் கேட்டு வாங்கி வாருங்கள், உயரம் என்பதால் கொசு இருக்காது என்று எண்ண வேண்டாம்.

கிராமத்தில் 5,000 ஃபிராங் தாளை நீட்டினால் சில்லறைக்குத் தெருவே அலையும். 500, 1,000 தாள்களாக வைத்துக்கொள்ளுங்கள். கூடாரம் போடும் யோசனையை விட்டுவிட்டு விடுதியிலோ தேவாலய விருந்தினர் இல்லத்திலோ தங்குங்கள். மனிதர் இல்லாத நிலம் இங்கே கிடைக்காது. மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை காலை உமுகாண்டா என்னும் பொதுப்பணி, எட்டு மணி முதல் பதினொன்று வரை. கடைகள் மூடியிருக்கும், வண்டிகள் ஓடாது. அன்று காலை ஓய்வெடுங்கள், அல்லது மண்வெட்டி வாங்கிக்கொண்டு சேர்ந்துகொள்ளுங்கள், சந்தோஷப்படுவார்கள். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் காமன்வெல்த் நாடுகள் என்பதால் 30 நாள் விசாவுக்குக் கட்டணம் இல்லை. கிளம்பும் முன் குடிவரவுத் துறையின் தளத்தில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

திரும்பும் வழியில் பேருந்தில் சைக்கிள் ஏற்றுவது பேரம். சின்னப் பேருந்துகளில் கூரையில் இடம் இருக்காது. சக்கரத்தைக் கழற்றி, இன்னொரு இருக்கைக்கும் டிக்கெட் வாங்கிவிட்டால் வாக்குவாதம் குறையும். கூட்டம் இல்லாத காலை முதல் வண்டியைப் பிடியுங்கள். கிகாலி வந்ததும் கார் கழுவும் இடத்தில் கொடுத்தால் சில நூறு ஃபிராங்குக்குச் சைக்கிளைப் பளபளவென்று ஆக்கித் தருவார்கள். பக்கத்திலேயே நின்று, குழாயைச் சக்கரத்தின் அச்சுக்கும் பெடல் அச்சுக்கும் நேராகப் பிடிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த வேகத்தில் தண்ணீர் பேரிங்குக்குள் போய்விடும். கழுவி முடித்ததும் செயினைத் துடைத்து எண்ணெய் விட்டு, அப்புறம் பெட்டியில் போடுங்கள்.